பெருஞ்சீரகம் கூடிப்போன அப்சிந்த்

1

எங்கள் வேலைத்தலத்தில் சுவை பார்க்கும் அறையின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். உள்ளே வருகிறவர்கள் கவனிக்க வேண்டியவை என்று எட்டு வரி. வாசனைத் திரவியம் பூசக்கூடாது. முந்திய ஒரு மணித்தியாலத்தில் கோப்பி குடிக்கக்கூடாது, புகைக்கக்கூடாது. தடிமன், மூக்கடைப்பு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இப்படிப் போகும். நேற்றுக் காலை போனபோது பழைய தாளைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றை ஒட்டியிருந்தார்கள். அதில் ஒன்பது வரி. அந்த ஒன்பதாவது வரி என்னால் வந்தது. என் பெயர் அதில் இல்லைதான். இருந்தாலும் அதை நான் நின்று மூன்று தரம் வாசித்தேன்.

ஊரில் இருக்கிற உங்களுக்கு முதலில் என் வேலையைச் சொல்ல வேண்டும். இத்தனை வருடமாக அதைச் சொல்லத்தான் பயந்துகொண்டிருந்தேன். நான் மன்னாரில் பிறந்தவள், கத்தோலிக்கப் பெண், வயது ஐம்பத்தெட்டு. முப்பத்துமூன்று வருடமாக ஜெர்மனியில், பீலெஃபெல்ட் நகரத்தில் இருக்கிறேன். வேலை ஒரு சாராய வடிசாலையில். மன்னாரில் இருக்கும் என் அக்காவுக்கு 'போத்தல் கொம்பனி' என்று மட்டும் எழுதியிருந்தேன். அவர் அதைச் சோடாப் போத்தல் என்று எடுத்துக்கொண்டார். நானும் திருத்தப் போகவில்லை.

அதிலும் இப்போது நான் போத்தல் நிரப்புவதும் இல்லை. இரண்டு கிழமைக்கு ஒரு தடவை, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, நாலு ஜெர்மன்காரருடன் மேசையைச் சுற்றி உட்கார்ந்து அப்சிந்த் என்கிற சாராயத்தை மணந்து, சுவைத்து, புள்ளி போடுகிறேன். ஒரு சொட்டும் விழுங்குவதில்லை, வாய்க்குள் வைத்துப் பார்த்துவிட்டு இரும்புக் கோப்பைக்குள் துப்பிவிடுவேன். எங்கள் தமிழ்ப் பூசைக்கு வருகிற பெண்கள் இதை நம்புவதாக இல்லை. "றோசலின் அக்கா, கோயிலுக்குள்ள நேராத்தான் நடந்து வாறியள், பரவாயில்லை" என்று வாசலிலேயே பிடித்துக்கொள்வார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். சிரித்துவிட்டு, சாமியாரின் காதில் விழுந்ததோ என்று திரும்பிப் பார்ப்பேன்.

2

பதினாறு வருடம் போத்தல் நிரப்பும் வரிசையில் நின்றேன். முழங்கால் இரண்டும் தேய்ந்து, எட்டு மணித்தியாலம் நிற்க ஏலாது என்ற நிலை வந்த காலத்தில் ஒரு நாள் மூலிகை வைக்கும் அறையைத் தாண்டிப் போனேன். பெருஞ்சீரகச் சாக்கு ஒன்று வாய் திறந்து கிடந்தது. கையை விட்டு நாலு மணி எடுத்து, விரலால் நசுக்கி மணந்து பார்த்தேன். கடையில் கறித்தூளுக்குச் சாமான் வாங்கும்போது நாங்கள் எல்லோரும் செய்வதுதான், கை தன்பாட்டில் போய்விட்டது. "இது போன வருடத்துச் சரக்கு. எண்ணெய் போய்விட்டது" என்று பக்கத்தில் நின்ற லேனாவிடம் சொல்லியும் விட்டேன்.  கேட்காததற்கு வாய் கொடுத்தேனே, வேலைக்கு உலை வைத்துவிடுவார்களோ என்று அன்றைக்கு முழுவதும் பயம்.

லேனா அங்கே அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சியை முடித்து, வடிப்பாளராக வேலைக்குச் சேர்ந்த பெண். இப்போது இருபத்தேழு வயது. அவள் போய் முதலாளி ஹெர் லூட்கேயிடம் சொல்ல, அவர் ஐந்து பீங்கான் தட்டில் ஐந்து விதமான விதைகளைப் போட்டு என் முன்னால் வைத்தார். எது புதிது, எது பழையது, எது அனிஸ் விதை, எது பெருஞ்சீரகம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அடுத்த மாதமே என்னை நிற்கிற வேலையிலிருந்து எடுத்து, இருந்து செய்கிற மூலிகை அறை வேலைக்கு மாற்றினார். சுவை பார்க்கும் மேசையிலும் ஒரு கதிரை தந்தார்.

அந்த மேசையில் நடப்பதைச் சொல்கிறேன். அப்சிந்தில் மூன்று சரக்கு முக்கியம். ஜெர்மன் மொழியான டொச்சில் வெர்மூட் என்று சொல்லுகிற கசப்புச் செடி, அனிஸ், பெருஞ்சீரகம். இவற்றைச் சாராயத்தில் ஊறவைத்து வடிப்பார்கள். வடித்து வருவது தண்ணீர் நிறம். பிறகு வேறு இலைகளை அதில் ஊறவிட்டுப் பச்சை ஏற்றுவார்கள். கிளாஸில் இரண்டு விரல் ஊற்றி, வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடித்து முதலில் நிறத்தைப் பார்க்க வேண்டும். நிழலில் உலர்ந்த முருங்கையிலை நிறத்தில் இருந்தால் சரி. கண்ணைப் பறிக்கிற பச்சை என்றால் சாயம் கலந்திருக்கிறார்களோ என்று சந்தேகிக்கலாம். அடுத்தது மணம். மூக்கைக் கிளாஸுக்குள் விட்டால் சாராயம் முகத்தில் அறையும், அதனால் நாடிக்குக் கீழே பிடித்து மெல்ல மேலே கொண்டுவர வேண்டும்.

அதன் பிறகு குளிர்ந்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அப்போது மூலிகை எண்ணெய் பிரிந்து, பச்சை மெல்ல மெல்ல வெள்ளையாகும். பால் படர்கிறது என்று நான் அதற்குப் பெயர் வைத்திருக்கிறேன். அடியிலிருந்து புகைபோல எழும்பி, மேலே ஒரு பச்சை வளையம் கடைசிவரை நின்று மறைந்தால் நல்ல சரக்கு. ஒரேயடியாக வெளுத்தால் அனிஸ் கூடிப்போயிற்று என்று விளங்கிக்கொள்ளலாம். கடைசியாக வாய். நாக்கு இலேசாக மரத்துப்போகும், இனிப்பது போல இருக்கும், பின்னால் கசப்பு வரும். அந்தக் கசப்பு வேப்பம்பூ வடகத்தின் கசப்பு, நான் முதல் நாளே அப்படித்தான் குறித்து வைத்தேன். நிறம், பால் படர்வது, மணம், சுவை, துப்பிய பின் நிற்பது என்று ஐந்து தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் ஐந்து புள்ளி. ஐந்து பேரும் ஒருவரோடு ஒருவர் பேசாமல் எழுதி முடித்த பிறகுதான் வாய் திறக்கலாம்.

மூன்று வருடமாகப் போகிறேன். ஒவ்வொரு தடவையும் கதவைத் திறக்கும் முன்னர் இன்றைக்கு மூக்கு என்னைக் கைவிட்டுவிடுமோ என்று நினைப்பேன். கைவிட்டால் திரும்பவும் வரிசையில் நிற்க வேண்டும், முழங்கால் தாங்காது.

3

இனி நான் விட்ட பிழை.

வருடத்துக்கு ஒருமுறை தூள் வறுப்பேன். ஜெர்மனிக்கு வந்த புதிதில் பல்கனியில் அடுப்பு வைத்து வறுத்தேன். செத்தல் மிளகாய் புகைந்த புகையில் மேல் வீட்டுக்காரர் நெருப்பு என்று நினைத்துத் தீயணைப்புப் படையைக் கூப்பிடப் போனார். ஒரு கிழமையில் வீட்டு நிர்வாகத்திடமிருந்து இரண்டு பக்கக் கடிதம் வந்தது, எந்தப் பிரிவின் கீழ் எந்த உட்பிரிவின்படி நாங்கள் எதை மீறினோம் என்று. படித்துக் காட்ட ஆள் பிடிக்க மூன்று நாள் அலைந்தோம். வீட்டைவிட்டுக் கிளப்புகிறார்கள் என்றுதான் நான் நினைத்தேன். இனிப் பல்கனியில் சமைக்க வேண்டாம் என்பதுதான் அந்த இரண்டு பக்கத்திலும் இருந்த சங்கதி.

இப்போது நகரத்துக்கு வெளியே ஒரு கராஜ் வாடகைக்கு எடுத்திருக்கிறோம், அங்கேதான் வறுப்பு. வேலைக்குப் போடுகிற ஜக்கெற் வீட்டுக்குள் வருவதே இல்லை. இழுத்து மூடுகிற சிப் வைத்த பிளாஸ்ரிக் பைக்குள் போட்டு, காரின் பின்பெட்டியில் வைத்திருப்பேன். வறுத்த அன்றைக்கு இரண்டு தரம் தலை முழுகுவேன். இதெல்லாம் எனக்குச் செபமாலை மாதிரி, ஒரு மணி தவறாது.

இந்த முறை கோயில் பெருநாள் சமையலுக்கும் சேர்த்து ஐந்து கிலோ கேட்டிருந்தார்கள். சனிக்கிழமை முழுவதும் கராஜில் நின்றோம். மல்லி, சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுத்து, கடைசியில் பெருஞ்சீரகம். இரவே அரைத்து, மஞ்சளும் கலந்து, பெரிய தகர ரின்னில் போட்டோம். சூட்டோடு மூடினால் தூள் வேர்த்துப் பூஞ்சணம் பிடித்துவிடும் என்று மூடியை இறுக்காமல் கடதாசியால் மட்டும் மூடிவைத்தோம். ஞாயிறு காலை என் கணவர் அந்த ரின்னைக் காரின் பின்பெட்டியில் ஏற்றினார். வளைவில் ரின் சரிந்து கொட்டிவிடக்கூடாது என்று அண்டை கொடுக்க ஏதாவது தேடியிருக்கிறார். என் பை கண்ணில் பட்டது. சிப்பைத் திறந்து ஜக்கெற்றை எடுத்து, ரின்னைச் சுற்றி இறுக்கி வைத்தார். கோயிலில் தூளைக் கொடுத்த பிறகு ஜக்கெற்றை உதறி, மடித்து, திரும்பப் பைக்குள் போட்டு, சிப்பையும் இழுத்து மூடிவிட்டார். என் மனிதர் எதையும் ஒழுங்காகச் செய்கிறவர்.

ஆக, திங்கட்கிழமை காலைவரை அந்த ஜக்கெற் பெருஞ்சீரக மணத்தில் ஊறிக்கொண்டு கிடந்தது. அதை எடுத்துப் போட்டபோது எனக்கு ஒரு மணமும் தெரியவில்லை. சனிக்கிழமை முழுவதும் அந்தப் புகைக்குள் நின்ற மூக்கு அது.

4

அன்று மழை. சுவை பார்க்கும் அறை பழைய கற்கட்டடம், ஆவணியிலும் குளிரும். மற்றவர்கள் மேலுடுப்பை வெளியே கொழுவிவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். முதல் மாரியில் நான் நடுங்குவதைப் பார்த்த ஹெர் லூட்கே, "ஃப்ராவ் அந்தோனிப்பிள்ளை, நீங்கள் போட்டுக்கொண்டே வாருங்கள். உங்கள் ஜக்கெற்றில் ஒன்றுமே மணப்பதில்லை" என்று சொல்லியிருந்தார். (ஃப்ராவ் என்றால் திருமதி. அந்தோனிப்பிள்ளை என் கணவரின் பெயர். வந்த புதிதில் அலுவலகத்தில் பத்திரம் நிரப்பியவர் அதை எனக்குக் குடும்பப் பெயராக்கிவிட்டார்.) ஒன்றுமே மணப்பதில்லை என்று அவர் சொன்னதை நான் வீட்டில் நாலு தரம் சொல்லிச் சந்தோசப்பட்டேன்.

மேசையில் அன்றிருந்தது லேனாவின் சரக்கு. அளவு, ஊறவைத்த நாள், நெருப்பு எல்லாம் அவளே தீர்மானித்து வடித்த முதல் அப்சிந்த். ஹெர் லூட்கே ஓய்வெடுக்கப் போகிறார். இது தேறினால் ஒக்ரோபரிலிருந்து வடிகலன் முழுவதையும் லேனாவின் பொறுப்பில் விடுவதாகச் சொல்லியிருந்தார். தன் சரக்குக்குத் தான் புள்ளி போடக்கூடாது என்பதால் லேனா எங்களுக்கு ஊற்றிவிட்டு, சுவரோடு போய் நின்றுகொண்டாள். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தாள்.

நிறம் நன்றாக இருந்தது. பால் படர்ந்ததும் அழகு, மேலே பச்சை வளையம் கடைசிவரை நின்றது. மணந்தேன், சுவைத்தேன், துப்பினேன். வெர்மூட் முன்னுக்கு, அனிஸ் நடுவில், பெருஞ்சீரகம் பின்னால் அடக்கமாக. எல்லாவற்றுக்கும் நாலு போட்டேன். சுவைக்கு ஐந்து போடலாமா என்று யோசித்து, பயத்தில் நாலோடு நிறுத்தினேன்.

தாள்களைத் திருப்பினோம். என் இடப்பக்கத்தில் இருந்த கணக்குப் பகுதியில் வேலை செய்யும் உல்ரிக்க என்ற பெண்மணி மணத்துக்கு ஒரு புள்ளிதான் போட்டிருந்தார். வலப்பக்கத்தில் இருந்த ஹெர் லூட்கேயும் ஒன்று. எதிரே இருந்த இரண்டு ஆண்களும் இரண்டு.

"பெருஞ்சீரகம் மற்ற எல்லாவற்றையும் மூடிவிட்டது" என்றார் உல்ரிக்க. "அதுவும் பச்சைப் பெருஞ்சீரகம் இல்லை. வறுத்தது போல."

"வறுத்த மணம்தான்" என்றார் ஹெர் லூட்கே. "கலனில் அடிப்பிடித்திருக்கிறது."

லேனா சுவரை விட்டு முன்னால் வந்தாள். "இல்லை. நான் முழு நேரமும் பக்கத்திலேயே நின்றேன். சூடு ஒரு தடவைகூட ஏறவில்லை."

"நாலு மூக்கு ஒரே மாதிரிச் சொல்கிறது, லேனா." பிறகு அவர் என் தாளைப் பார்த்தார். "ஃப்ராவ் அந்தோனிப்பிள்ளை, உங்களுக்கு அது தெரியவில்லையா?"

அன்பாகத்தான் கேட்டார். அந்த அன்புதான் சுட்டது. என் மூக்குப் போய்விட்டது என்று நினைக்கிறார். சரி, இனி வரிசைதான் என்று நினைத்துக்கொண்டு இருக்கையில்தான் உல்ரிக்கவின் சொல் மண்டைக்குள் ஏறியது. வறுத்தது. அப்சிந்துக்குப் பெருஞ்சீரகத்தை வறுக்கிறவர்கள் கிடையாது. இந்த ஊரில் பெருஞ்சீரகத்தை வறுத்த ஆள் யார்?

எழுதுவது போலக் குனிந்து, ஜக்கெற் கொலருக்குள் மூக்கை விட்டேன். ஒன்றும் தெரியவில்லை. கைப்பட்டியை, விதையை நசுக்குவது போல, இரண்டு விரலால் பிடித்து உரசினேன். விரல் நுனியில் மஞ்சள் ஒட்டியது.

கையை மேசைக்குக் கீழே கொண்டுபோய் மறைத்தேன்.

ஹெர் லூட்கே அந்தச் சரக்கைப் போத்தலில் அடைப்பதில்லை என்று சொல்லிவிட்டார். ஒக்ரோபர் விசயத்தை வெள்ளிக்கிழமை பேசலாம் என்றார்.  லேனா எங்கள் கிளாஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டத்தில் வைத்தாள். என்னுடையதை எடுக்கும்போது "நன்றி" என்றாள், நான் ஒருத்திதான் நல்ல புள்ளி போட்டேன் என்பதற்காக. நான் வாயைத் திறக்கவில்லை. எழும்பி, ஜக்கெற்றைச் சுற்றிக்கொண்டு, யாருக்கும் கிட்டப் போகாமல் சுவரோரமாக வெளியே வந்தேன்.

5

இப்படி ஒரு மேசைக்கு முன்னால் நான் வாயடைத்து இருந்தது அது முதல் தடவை இல்லை. அன்றைக்கும் ஒரு மேல்சட்டைதான் பிரச்சினை.

என் ஒரே மகள் மெலனிக்கு அப்போது ஒன்பது வயது. பாடசாலையிலிருந்து டெர்மின், அதாவது வந்து சந்திக்கும் நேரம், குறித்துக் கடிதம் வந்தது. என் கணவருக்கு வேலை. எனக்கு அந்த நாளில் டொச், கடையில் சாமான் வாங்குகிற அளவுக்குத்தான் தெரியும். மெலனிதான் மொழிபெயர்ப்பாளர். அவளைப் பற்றிய முறைப்பாட்டை அவளே எனக்கு மொழிபெயர்க்க வேண்டும், வெளிநாட்டில் பிள்ளை வளர்க்கிற எங்களுக்கு அது அந்தக் காலத்தில் வழமை.

ரீச்சர் நீட்டாக, மெல்லிய குரலில் பேசினார். மெலனி என் பக்கம் திரும்பினாள். காது இரண்டும் சிவந்திருந்தது.

"அம்மா, என்ர கோட் மணக்குதாம். மற்றப் பிள்ளையள் அதுக்குப் பக்கத்தில தங்கட கோட்டைக் கொழுவமாட்டினமாம்."

எனக்குத் தலையிலிருந்து கால்வரை கூசியது. அந்த வெட்கத்தை எப்படி எழுதுவது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. வீட்டைத் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறவள் நான். என் பிள்ளையை நாள் தவறாமல் குளிக்க வார்த்து அனுப்புகிறவள்.

"அது எங்கட வீட்டு மணமில்லை எண்டு சொல்லம்மா" என்றேன். "கோட் பழைய உடுப்புக் கடையில வாங்கினது, அந்த மணம்தான் எண்டு சொல்லு."

அந்தக் கோட் புத்தம் புதிது. பெரிய பொத்தான் வைத்தது வேண்டும் என்று கடையில் அடம் பிடித்துத் தெரிந்தெடுத்ததே அவள்தான். மெலனி என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு ரீச்சரிடம் பேசினாள். நான் சொன்னதைவிடக் கொஞ்சம் நீளமாகத்தான் பேசினாள். டொச்சில் எல்லாமே நீளம்தானே என்று நினைத்துக்கொண்டேன். ரீச்சர் என்னைப் பார்த்தார், அவளிடம் திரும்பி ஏதோ ஒன்று கேட்டார். மெலனி "யா" என்றாள். ரீச்சர் எழும்பி வந்து, என் கையை இரண்டு கையாலும் பிடித்து விடை தந்தார்.

படியிறங்கும்போது, "கடைசியா என்ன கேட்டவ?" என்று கேட்டேன்.

"ஒண்டுமில்லை" என்றாள்.

அடுத்த நாளிலிருந்து மெலனியின் கோட் ரீச்சரின் அலுமாரிக்குள் தனிக் கொழுக்கியில் தொங்கியது. பொய் வேலை செய்துவிட்டது என்று எனக்கு ஒரு பக்கம் ஆறுதல். மறுபக்கம், ஒன்பது வயதுப் பிள்ளையின் வாயால் பொய் சொல்ல வைத்தேனே என்று பாவசங்கீர்த்தனத்தில் பல தரம் சொல்லியிருக்கிறேன். கராஜும் சிப் பையும் அதற்குப் பிறகு வந்தவைதான்.

மெலனி இப்போது ஹனோவரில் வேலை செய்கிறாள், முப்பத்தொரு வயது. நாங்கள் தமிழில் கேட்டால் டொச்சில் பதில் சொல்வாள். மாதம் ஒருமுறை வருவாள். வரும்போது கோட்டைக் காருக்குள்ளேயே கழற்றி வைத்துவிட்டு, பனி கொட்டினாலும் நடுங்கிக்கொண்டு வாசலுக்கு ஓடிவருவாள். ஏன் என்று நான் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை.

6

திங்கட்கிழமை வீட்டுக்குப் போய், நடந்ததைக் கணவரிடம் சொன்னேன். அவர்தான் ரின்னுக்கு அண்டை கொடுத்த கதையைச் சொன்னார். சொல்லிவிட்டுத் தலையில் கைவைத்தார்.

"சரி, இப்ப என்ன? தோய்ச்சுப்போட்டால் முடிஞ்சுது. ஆருக்குத் தெரியப்போகுது?" என்றார்.

"அந்தப் பிள்ளைக்குக் குடுக்க இருந்த பொறுப்பு வெள்ளிக்கிழமை போயிடுமப்பா."

"அவளுக்கு இருபத்தேழு வயசு, இஞ்சத்தைய பிள்ளை. இது இல்லாட்டி இன்னொண்டு. உமக்கு ஐம்பத்தெட்டு வயசில ஆர் கதிரை போட்டுத் தரப்போறான்? சொன்னா என்ன நடக்கும் தெரியுமே? இனி நீர் எங்க போய் இருந்தாலும் மூக்கைச் சுளிப்பினம்."

அதுதான், அதேதான். நான் முப்பத்துமூன்று வருடமாகப் பயந்துகொண்டிருந்ததை என் மனிதர் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

ஜக்கெற்றைக் கழுவும் மெஷினுக்குள் போட்டேன். சவர்க்காரத் தூளும் போட்டேன். கதவை மூடி, பொத்தானில் விரலை வைத்துவிட்டு நின்றேன். அமுக்கினால் மணமும் போகும், மஞ்சளும் போகும். அதன் பிறகு நானே போய்ச் சொன்னாலும், அந்தப் பிள்ளைக்காகப் பாவப்பட்டுச் சொல்கிறேன் என்றுதான் நினைப்பார்கள். அவள் முதுகுக்குப் பின்னால் கை கட்டி நின்றது கண்ணை விட்டுப் போகவில்லை. ஒரு பிள்ளையைப் பொய் சொல்ல வைத்தேன். இப்போது இன்னொரு பிள்ளையின் தலையில் என் பிழையைக் கட்டப் போகிறேன். மெஷின் கதவைத் திறந்து ஜக்கெற்றை எடுத்து, திரும்பவும் பைக்குள் போட்டு சிப்பை இழுத்தேன்.

கணவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "சொல்லத்தான் வேணுமெண்டால், மனுசன் செய்த வேலை எண்டு சொல்லும். என்ர பேரைச் சொல்லும்" என்றார்.

செவ்வாய் காலை காருக்குள்ளேயே சொல்ல வேண்டியதை டொச்சில் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். சொற்களெல்லாம் தெரிந்தவைதான். உதடுதான் ஒட்டிக்கொண்டது. ஹெர் லூட்கேயின் அறையில் உல்ரிக்கவும் இருந்தார். லேனாவையும் கூப்பிடச் சொன்னேன். மூன்று பேருக்கும் முன்னால் பையை மேசையில் வைத்து சிப்பைத் திறந்தேன்.

"அடிப்பிடிக்கவில்லை" என்றேன். "நேற்று நீங்கள் மணந்தது என்னுடைய ஜக்கெற். நான் சனிக்கிழமை வீட்டுத் தூளுக்குப் பெருஞ்சீரகம் வறுத்தேன். அது எங்கள் வீட்டு மணம்."

ஹெர் லூட்கே குனிந்து, அந்தப் பையை ஒரு கிளாஸை மணப்பது போலவே, நாடிக்குக் கீழிருந்து மெல்ல மேலே கொண்டுவந்து மணந்தார்.  மணந்துவிட்டு உல்ரிக்கவிடம் நீட்டினார். உல்ரிக்க ஒரு தரம் மணந்ததும் "இதுதான்" என்றார். மூக்கைச் சுளித்தாரா இல்லையா என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை, நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

லேனா மட்டும் மணக்கவில்லை. "நேற்றே தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும்."

"நேற்றே தெரிந்துமா பேசாமல் இருந்தீர்கள்? நான் இரவு முழுவதும் கண் மூடவில்லை." சொல்லிவிட்டுக் கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போய்விட்டாள். அவள் கோபித்தது நியாயம்தான். ஆனாலும் மூலிகை அறைக்குள் போய் இருந்து அழுதேன்.

7

வியாழக்கிழமை திரும்பவும் ஐந்து கிளாஸ். நான் வெறும் பருத்திச் சட்டையோடு, குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டு இருந்தேன். இந்தத் தடவை பெருஞ்சீரகத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. கசப்பு இன்னும் கொஞ்சம் நிற்கலாம் என்றார் எதிரில் இருந்தவர்களில் ஒருவர். மற்றபடி சரக்குத் தேறிவிட்டது. ஒக்ரோபரில் வடிகலன் லேனாவின் கைக்குப் போகிறது. அவள் எனக்கு வணக்கம் சொல்கிறாள், முன்புபோல நின்று கதைப்பதில்லை. கொஞ்சக் காலம் எடுக்கும் என்று நினைக்கிறேன். எடுக்காமலேயே போய்விடுமோ என்றும் நினைக்கிறேன்.

என் கதிரை இன்னும் இருக்கிறது. ஆனால் நேற்று அந்தத் தாள். ஒன்பதாவது வரியில் இப்படி இருக்கிறது: 'முந்திய மூன்று நாட்களுக்குள் வீட்டில் வாசனைச் சரக்கு வறுத்தவர்கள், வறுத்தபோது அருகில் இருந்த உடுப்புடன் உள்ளே வருவதைத் தவிர்க்கவும்.' இது எல்லோருக்கும் பொதுவான விதி என்று ஹெர் லூட்கே சொன்னார். எல்லோரும் என்றால் யார்? அந்த மேசையில் வாசனைச் சரக்கு வறுக்கிறவள் நான் ஒருத்திதானே. காலையில் பாண் துண்டைச் சுட்டால் அதுவும் சேருமா என்று உல்ரிக்க கேட்டார். பகிடியாகக் கேட்டாரா, உண்மையாகக் கேட்டாரா என்று விளங்காமல் நானும் சிரித்துவைத்தேன்.

மனம் கேட்காமல் பின்னேரம் மெலனிக்குப் போன் எடுத்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். இடையில் டொச்சில் ஏதாவது சொல்லி அவசரப்படுத்துவாள் என்று பார்த்தேன். கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்த பிறகு தமிழில் கேட்டாள்.

"அவையளுக்கு டொச்சில ஆர் சொன்னது? அப்பாவோ?"

"அப்பா வரேல்லை. நான்தான் சொன்னன்."

"எங்கட வீட்டு மணம் எண்டே?"

"ஓம்."

போனுக்குள் அவள் ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. 

"அம்மா, என்ர கோட்டுக்காக ஒரு டெர்மினுக்குப் போனனாங்கள், ஞாபகமிருக்கோ? அண்டைக்கு நீங்கள் சொல்லச் சொன்னதை நான் சொல்லேல்லை."

"பின்ன என்ன சொன்னனீ?"

"எங்கட வீட்டில தூள் வறுக்கிறனாங்கள், அந்த மணம்தான் எண்டு சொன்னனான். அம்மாவுக்குச் சரியான வெக்கம், உங்களுக்கு விளங்கீட்டுது எண்டு அவவுக்குக் காட்டாதையுங்கோ எண்டும் சொன்னனான்."

பக்கத்தில் கிடந்த கதிரையை இழுத்து இருந்தேன். இருபத்திரண்டு வருடமாக நான் பாவம் என்று சுமந்த பொய்யை அந்தப் பிள்ளை சொல்லவே இல்லை. ஒன்பது வயதில் எனக்குக் காவல் நின்றிருக்கிறாள்.  அன்றைக்குப் படியில் வைத்துக் கேட்டதைத் திரும்பவும் கேட்டேன்.

"கடைசியா ரீச்சர் உன்னட்டை ஒண்டு கேட்டவ. நீ படியில வைச்சு ஒண்டுமில்லை எண்டனி."

"அதுவோ?" என்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாத குரல். "உன்ர அம்மா நல்லாச் சமைப்பாவோ எண்டு கேட்டவ. ஓம் எண்டு சொன்னனான்."